விழுங்கிய கோபத்தை என்ன செய்வது? உங்களுக்காக நீங்களே பேசப் பழகுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோபம் வந்தால் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. முதலில் உடம்பைத் தணிக்க வேண்டும். அப்புறம், கோபத்துக்குக் காரணமான விஷயத்தை உரியவரிடம் பேச வேண்டும். கத்துகிறவர்கள் முதல் வேலையைச் செய்யாமலே இரண்டாவதுக்குப் போய்விடுகிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்கானது அல்ல. முதல் வேலையை முடித்துவிட்டு, "சரி, தணிந்துவிட்டது, இனி எதற்கு அதைப் பேசிக்கொண்டு" என்று இரண்டாவதை விட்டுவிடுகிறவர்களுக்கானது. பொறுமைசாலி என்று பெயர் வாங்கி, அந்தப் பெயரைக் காப்பாற்றவே வாயை மூடிக்கொண்டு இருப்பவர்களுக்கானது.

நான் சொல்ல வருவது இதுதான்: அடக்கிய கோபத்துக்குள் பெரும்பாலும் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு கோரிக்கை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, சுருக்கமாக்கி, உரியவரிடம் சொல்லும்வரை அது வேறு வேறு வழிகளில் வெளியே வந்துகொண்டே இருக்கும்.

படி 1: கோபத்தை அடையாளம் காணுங்கள்

அடக்கிப் பழகியவர்கள் பலர் "எனக்குக் கோபமே வராது" என்று மனதார நம்புகிறார்கள். ஆகவே கோபத்தை அதன் வழக்கமான இடத்தில் தேடினால் கிடைக்காது.

ஒரு பேச்சு முடிந்து பல மணி நேரம் கழித்து, குளிக்கும்போதோ படுக்கும்போதோ, "அப்போதே இப்படிக் கேட்டிருக்கலாம்" என்று மனதுக்குள் வசனம் ஓடுகிறதா? ஒருவருடைய பெயர் போனில் தெரிந்ததும் எடுக்க மனம் வரவில்லையா? அவர் சொன்ன வேலை மட்டும் மறந்துபோகிறதா? அவர் இல்லாதபோது அவரைப் பற்றிக் குத்தலாகப் பேசுகிறீர்களா? கோபப்பட வேண்டிய இடத்தில் அழுகை வந்துவிடுகிறதா? சம்பந்தமே இல்லாத ஒருவர்மீது, முக்கியமாகத் திருப்பிக் கேட்க முடியாத குழந்தைமீது, எரிந்து விழுகிறீர்களா? தாடை இறுகுவது, தோள்பட்டை கனப்பது, தலைவலி ஆகியவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஒருவரைப் பார்த்துவிட்டு வந்த நாட்களில்தான் வருகின்றனவா என்று கவனியுங்கள்.

நான் அதிகம் நம்புகிற அடையாளம் இன்னொன்று: "பரவாயில்லை" என்று சொல்லும் வேகம். எதிரே இருப்பவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சொல் வாயில் வந்து நின்றால், அதை நீங்கள் யோசித்துச் சொல்லவில்லை, பழக்கம் சொல்லியிருக்கிறது.

ஒரு வாரத்துக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். யார், என்ன நடந்தது, உடம்பில் எங்கே உணர்ந்தீர்கள், வாயால் என்ன சொன்னீர்கள் என்று நாலு வரி போதும். அதோடு அந்த உணர்ச்சிக்கு ஒரு பெயரும் எழுதுங்கள்: எரிச்சல், அவமானம், ஏமாற்றம், பொறாமை, கோபம், எதுவோ அது. மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், உணர்ச்சியைச் சொல்லால் குறிப்பிடும்போது, ஆபத்தைக் கண்டால் எச்சரிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்ததைக் கண்டார்கள். வார முடிவில் குறிப்பேட்டைப் புரட்டினால், அநேகமாக ஓரிரு பெயர்களே திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

அடக்கினால் போய்விடாதா?

போகாது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே, கோபமும் பயமும் உடம்பைச் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயார் செய்கின்றன என்று விளக்கினார். அட்ரீனலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்வதால் இவை நின்றுவிடுவதில்லை. ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், சோகமான படக்காட்சியைப் பார்ப்பவர்களில் ஒரு பகுதியினரிடம் உணர்ச்சி எதையும் வெளியே காட்டாதீர்கள் என்று சொன்னார்கள். மறைத்தவர்களுக்குச் சோகம் குறையவில்லை. அவர்களுடைய இதயமும் ரத்தநாளங்களும்தான் கூடுதலாக உழைத்தன.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது 2003-ல் வெளியான இன்னொரு ஆய்வு. மனதைக் கலங்கடிக்கும் ஒரு படத்தைப் பார்த்த பின் இரண்டிரண்டு பேராகப் பேச வைத்தார்கள். அதில் ஒருவர் உணர்ச்சியை மறைத்தபோது, எதிரே இருந்தவருடைய ரத்த அழுத்தமும் ஏறியது, இருவருக்கும் இடையே நெருக்கமும் குறைந்தது. உறவு கெட்டுவிடக் கூடாது என்றுதானே அடக்குகிறோம். அப்படி அடக்குவதே உறவைப் பாதித்துவிடுகிறது.

கொட்டித் தீர்த்தால்?

தலையணையைக் குத்துவது, பொருளைத் தூக்கி எறிவது, தனியறையில் கத்துவது எல்லாம் "உள்ளே இருப்பதை வெளியேற்றும்" என்று பரவலான ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-ல் இதைச் சோதித்தார். ஆய்வுக்காகத் தாங்கள் எழுதிய கட்டுரையைக் கடுமையாக விமர்சித்தவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்கள்தான் கடைசியில் அதிகக் கோபத்தோடும் அதிக மூர்க்கத்தோடும் இருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் கோபம் குறைவாக இருந்தது. அவரும் சோஃபி ஷார்விக்கும் 2024-ல் 154 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உடம்பின் கொதிப்பை இறக்கும் செயல்கள் கோபத்தைக் குறைத்தன. ஏற்றும் செயல்கள் குறைக்கவில்லை. ஓட்டப்பயிற்சி பொதுவாக நல்லதுதான், ஆனால் கோபத்துக்கு அது மருந்தாகவில்லை.

நண்பரிடம் புலம்புவதையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். முதல் தடவை சொல்லும்போது தெளிவு கிடைக்கும். ஆறுதலும் கிடைக்கும், அது தேவைதான். ஆனால் அதே கதையை மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது, உரியவரிடம் சொல்ல வேண்டிய பேச்சை நாம் வேறு இடத்தில் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

படி 2: உடம்பை மட்டும் தணியுங்கள்

மூச்சை இழுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரம் நீளமாக இருக்கட்டும். நாலு எண்ணி இழுத்து, ஆறோ எட்டோ எண்ணி விடுங்கள். கை, தோள், தாடை என ஒவ்வொரு தசையாக இறுக்கிப் பிடித்துத் தளர்த்தும் முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வகுத்துக் கொடுத்தார். உட்கார்ந்த இடத்திலேயே, யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

பேச்சின் நடுவில் கொதிப்பு ஏறினால் இடைவெளி கேளுங்கள். ஆனால் நேரம் குறித்துவிட்டுக் கேளுங்கள்: "எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு இதைப் பேசலாம்." கத்துகிறவருக்கு இடைவெளி மட்டுமே போதும். அடக்குகிறவருக்கு அந்த ஆறு மணி மிக முக்கியம். அது இல்லாவிட்டால் அந்த இடைவெளியிலேயே விஷயம் புதைந்துவிடும்.

படி 3: எழுதிப் பிரித்துப் பாருங்கள்

மூன்று கேள்விகள்.

என்ன நடந்தது? ஒரு கேமரா பதிவு செய்திருந்தால் என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதுங்கள். "என்னை மதிக்கவே இல்லை" என்பது கேமராவில் தெரியாது. "கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு தடவை குறுக்கிட்டார்" என்பது தெரியும்.

இதனால் எனக்கு என்ன இழப்பு? நேரமா, பணமா, தூக்கமா, மரியாதையா, நம்பிக்கையா? இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கோபம் எதைக் காப்பாற்றத் துடிக்கிறது என்பது இங்கேதான் தெரியும். சில சமயம் இழப்பு எதுவும் இல்லை, பசியும் களைப்பும்தான் காரணம் என்றும் தெரியவரும். சில சமயம் இன்றைக்கு நடந்தது சிறியதாக இருக்கும், பல வருடக் கணக்கு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அப்படியானால் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். இன்றைய குற்றத்துக்குப் பழைய தண்டனையையும் சேர்த்துக் கொடுத்தால், எதிரே இருப்பவருக்கு நீங்கள் சொல்வது எதுவும் புரியாது.

இனி என்ன மாற வேண்டும்? இந்தப் பதில் செய்யக்கூடிய செயலாக இருக்க வேண்டும். "அவர் திருந்த வேண்டும்" என்றால் யாராலும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "வேலை இருந்தால் மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும்" என்றால் செய்யலாம்.

படி 4: பேச வேண்டியதா, விட்டுவிட வேண்டியதா?

எல்லாவற்றுக்கும் பேச வேண்டியதில்லை. விட்டுவிடுவதும் அடக்குவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரித்தறிய நான் பார்ப்பது இவை: நாளைக்கும் இதே நடந்தால் உறுத்துமா? அவரைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வருகிறதா? பேசாமல் இருப்பதற்குக் காரணம் விருப்பமா, பயமா? கடைசிக் கேள்விக்குப் பயம் என்று பதில் வந்தால், அது விட்டுவிட்டதாகாது.

படி 5: வாக்கியத்தை உருவாக்குங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். நல்ல வாக்கியத்தில் நடந்தது, அதனால் எனக்கு என்ன, இனி என்ன வேண்டும் ஆகிய மூன்றும் இருக்கும். "நீ இப்படி" என்று தொடங்காமல் "எனக்கு இப்படி" என்று தொடங்கும் முறையை, தாமஸ் கார்டன் என்ற உளவியலாளர் பெற்றோருக்கான பயிற்சி வகுப்புகள் வழியாக 1960-களிலிருந்து பரப்பினார். "நீ" என்று தொடங்கும் வாக்கியம் கேட்பவரை உடனே தற்காப்புக்குத் தள்ளிவிடும்.

சில உதாரணங்கள்.

மேலதிகாரியிடம்: "சார், விடுமுறை நாளில் அழைப்பு வந்தால் வீட்டு வேலை எல்லாம் நின்றுவிடுகிறது. மிக அவசரமானது தவிர மற்றதை மறுநாள் காலையில் சொல்லுங்கள், முதல் வேலையாக முடித்துக் கொடுக்கிறேன்."

கணவரிடமோ மனைவியிடமோ: "நேற்று எல்லார் முன்னாலும் என் சம்பளத்தைப் பற்றிக் கிண்டல் செய்தாய். எனக்கு அவமானமாக இருந்தது. இனி மற்றவர்கள் முன்னால் அதைப் பேசாதே."

அண்ணனிடம்: "அண்ணா, என்னைக் கேட்காமலே நான் பணம் தருவேன் என்று சொல்லிவிட்டீர்கள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அடுத்த தடவை வாக்குக் கொடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்."

கடன் வாங்கிய தோழியிடம்: "போன மாதமே தருகிறேன் என்று சொன்னாயே, அந்தப் பணம் எனக்கு இப்போது தேவைப்படுகிறது. என்றைக்குத் தர முடியும்?"

அம்மாவிடம்: "அம்மா, நான் குண்டாகிவிட்டதைப் பற்றி ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய். கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. இனி என் உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம்."

இவற்றில் "எப்போதுமே", "ஒருநாள்கூட", "உன் புத்தியே அப்படி" போன்றவை இல்லை என்பதைக் கவனியுங்கள். "எப்போதுமே" என்று சொன்னால், அப்படி இல்லாத ஒரு நாளை அவர் எடுத்துக் காட்டுவார், பேச்சு அங்கே திரும்பிவிடும். இன்னொன்று, இவற்றில் மன்னிப்பும் இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க, சின்ன விஷயம்தான், நான்தான் பெருசு பண்றேனோ என்னவோ" என்று தொடங்கினால், கேட்பவர் அந்த முன்னுரையைத்தான் ஏற்றுக்கொள்வார்.

மறுப்பதற்கு இன்னும் சுருக்கமே போதும்: "என்னால் இந்த வாரம் முடியாது." காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்து காரணம் அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வழி சொல்லப்படும். யோசிக்க நேரம் வேண்டுமென்றால், "பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சட்டென்று "சரி" சொல்லும் பழக்கத்தை முறிக்க இந்த ஒரு வாக்கியம் பெரிதும் உதவும்.

படி 6: சிறியதில் பழகுங்கள்

வாழ்க்கையிலேயே மிகக் கடினமான ஆளிடம் முதல் பேச்சைத் தொடங்காதீர்கள். தப்பான பொருளைக் கொடுத்த கடைக்காரர், வரிசையில் முந்துகிறவர், பாட்டுச் சத்தத்தை அதிகம் வைத்திருக்கும் பக்கத்து இருக்கைக்காரர் போன்றவர்களிடம் முதலில் கேட்டுப் பழகுங்கள். தன் கருத்தைத் தயங்காமல் சொல்வதை ஒரு சிகிச்சைப் பயிற்சியாக வளர்த்தவர்களில் ஒருவர் உளவியல் மருத்துவர் ஜோசப் வோல்ப். 1950-களிலேயே அவர் அதைப் பதற்றத்துக்கு மாற்றாகப் பயன்படுத்தினார். சொல்ல வேண்டியதைத் துணிந்து சொல்லும்போது, அந்தச் சூழலைப் பற்றிய பயம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளர்கிறது. தைரியம் வந்தபின் பேசலாம் என்று காத்திருந்தால் தைரியம் வராது, பேசப் பேசத்தான் வரும்.

பெரிய பேச்சுக்கு முன் வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் ஒத்திகை பார்த்தால் போதாது, குரல் எங்கே உடைகிறது என்று அப்போதுதான் தெரியும்.

படி 7: சொல்லும் நேரம்

தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். இருவருக்கும் பசியும் அவசரமும் இல்லாத நேரமாகப் பாருங்கள். சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். அதன்பின் வரும் மௌனத்தைத் தாங்குவதுதான் கடினம். பதற்றத்தில் "பரவாயில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நாமே நம் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்வது அந்த மௌனத்தில்தான். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். அழுகை வந்தால், "அழுகை வருகிறது, ஆனாலும் சொல்லி முடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

படி 8: எதிர்ப்புக்குத் தயாராக இருங்கள்

இவ்வளவு காலம் பேசாமல் இருந்தவர் பேசினால் எதிரே இருப்பவருக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். வழக்கமாக வரும் பதில்கள் சில.

"இதுக்கெல்லாமா கோபம்?" என்பார்கள். விஷயம் சிறியதா பெரியதா என்ற விவாதத்துக்குள் போகாதீர்கள். "உங்களுக்குச் சின்னதாக இருக்கலாம். எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் கேட்கிறேன்."

"நீ மட்டும் என்ன ஒழுங்கா?" என்று எதிர்க்குற்றம் வரும். அதில் உண்மையும் இருக்கலாம். "அதையும் பேசுவோம். முதலில் இதை முடித்துவிடலாம்."

"நீ முன்ன மாதிரி இல்ல, ரொம்ப மாறிட்ட." இது வலிக்கும். "ஆமாம், முன்பு சொல்லாமல் இருந்தேன்" என்பதே போதுமான பதில்.

சிலர் அழுவார்கள், சிலர் பேசாமல் போய்விடுவார்கள். அழுகிறவரைத் தேற்றலாம், ஆனால் தேற்றுவதற்காகக் கோரிக்கையைக் கைவிட வேண்டாம். கோரிக்கையை, குரலை உயர்த்தாமல், அதே சொற்களில் திரும்பச் சொல்லும் உத்தி, தன் கருத்தைத் தயங்காமல் சொல்லப் பழக்கும் பயிற்சிகளில் 1970-களிலிருந்து இடம்பெற்றிருக்கிறது. வாதம் எந்தப் பக்கம் இழுத்தாலும் நீங்கள் ஒரே வாக்கியத்துக்குத் திரும்புகிறீர்கள். இரண்டு மூன்று தடவை போதும். அதற்கு மேல் போனால் பிடிவாதச் சண்டையாகிவிடும். "யோசித்துப் பாருங்கள், நாளைக்குப் பேசலாம்" என்று நிறுத்துங்கள்.

அவர் சொல்வதையும் கேட்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். நமக்குத் தெரியாத காரணம் அவரிடம் இருக்கலாம். நமக்காகப் பேசுவதும் எதிரே இருப்பவரை மதிப்பதும் ஒரே பேச்சில் நடக்கக்கூடியவை. ஜேம்ஸ் ஏவரில் என்ற உளவியலாளர் 1982-ல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடக் கோபம் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவர்கள், பிரியமானவர்கள் மீதே வருகிறது என்று கண்டார். கோபத்துக்கு ஆளானவர்களில் பெரும்பான்மையோர், அதன்பின் தங்கள் தவறு தங்களுக்குப் புரிந்தது என்று சொன்னார்கள். நாம் பயப்படுகிற அளவுக்கு உறவுகள் உடைவதில்லை.

படி 9: சொன்ன பிறகு

அன்று இரவு குற்ற உணர்ச்சி வரும். தப்பு செய்துவிட்டோம் என்பதற்கு அது சான்று அல்ல, பழக்கம் மாறுவதால் வருவது. அதைத் தணிக்க மறுநாள் அளவுக்கு மீறி நல்லவராக நடந்து, கேட்காத உதவியெல்லாம் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். நேற்று சொன்னது அழிந்துவிடும். வழக்கம்போல இருங்கள், அது போதும்.

அவர் மாறினால் கவனித்ததாகச் சொல்லுங்கள். மாறாவிட்டால் அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று முடிவு செய்யுங்கள்: பணம் தருவதை நிறுத்துவது, அந்த நேரத்தில் போனை எடுக்காமல் இருப்பது, கிண்டல் தொடங்கியதும் எழுந்து போவது. உங்களால் செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள்.

எப்போது நேரடியாகப் பேசக் கூடாது?

அடிக்கிறவர், மிரட்டுகிறவர், உங்கள் பணத்தையும் போனையும் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்துகிறவர் ஆகியோரிடம் மேலே சொன்ன எதையும் தனியாக முயல வேண்டாம். அங்கே நீங்கள் அடங்கியிருப்பது உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியாக இருக்கலாம், அதைப் பலவீனம் என்று எண்ணாதீர்கள். நம்பகமான ஒருவரிடம் சொல்லிவைத்து, உதவி எண்ணையோ சட்ட உதவியையோ நாடி, பாதுகாப்பான இடத்தை உறுதி செய்வதுதான் முதல் வேலை. வேலையிடத்தில் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறவர் என்றால், பேசுவதற்கு முன் தேதியோடு எழுதிவையுங்கள், மின்னஞ்சல்களைச் சேமியுங்கள், சக ஊழியர் ஒருவரின் துணையோடு முறையான புகார் வழியில் போங்கள்.

உரியவர் இல்லாத கோபம்

சில கோபங்களுக்கு ஆள் இருக்க மாட்டார். இறந்துபோன தந்தை, தொடர்பே இல்லாத பழைய ஆசிரியர், சொன்னாலும் புரிந்துகொள்ள முடியாத வயதில் இருக்கும் உறவினர். அவர்களுக்கு அனுப்பாத கடிதம் எழுதலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களில் தொடங்கிய ஆய்வுகளில், மனதைப் பாதித்த அனுபவங்களைப் பற்றி நாளுக்குப் பதினைந்து இருபது நிமிடமாகச் சில நாட்கள் தொடர்ந்து எழுதச் சொன்னார். எழுதும்போது மனம் கனக்கலாம். அது சில மணி நேரத்தில் குறையாமல் நாட்கணக்கில் நீண்டால் எழுதுவதை நிறுத்திவிட்டு, மனநல ஆலோசகர் ஒருவரோடு சேர்ந்து தொடருங்கள். தூக்கம் கெடுவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, கோபம் தன்மீதே திரும்பி உங்களை நீங்களே காயப்படுத்தத் தோன்றுவது ஆகியவை இருந்தால், எந்தப் படியையும் தொடங்குவதற்கு முன், இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நம்புகிற ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.